எட்டு வெள்ளிக்கு ஒரு டன்: ஊழியர் பயணமும் கார்பன் கிரெடிட்டும்

12 நவம்பர் 2025, மாலை 6.15 | மேற்குவாசி கேட்டது

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊழியர்களின் விமானப் பயணத்தால் வரும் கரிம வெளியேற்றத்தைக் கணக்கெடுத்து, டன்னுக்கு எட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் கார்பன் கிரெடிட், அதாவது வேறெங்கோ அந்த அளவு வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான சான்று, வாங்கி ஈடுகட்டப் போகிறார்களாம். எங்கோ ஒரு காடு பிழைக்கும், நாங்கள் வழக்கம்போல மாநாட்டுக்குப் போய்வருவோம். பறக்காதே, குறைத்துக்கொள் என்று ஆளாளுக்கு உபதேசம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. இதில் என்ன தப்பு?

12 நவம்பர், இரவு 10.05 | கிளெய்ம்காரி

எட்டு வெள்ளி என்ற விலையிலேயே தப்பு தெரிகிறது.

நான் வேறொரு பல்கலைக்கழகத்தில், ஒரு துறை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பயணக் கிளெய்ம் (செலவான பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பார்க்கிறவள். போர்டிங் பாஸ், டாக்சி ரசீது, ஓட்டல் பில், மாநாட்டுக் கட்டண ரசீது எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். யார் எங்கே போனார், எந்த வகுப்பில் உட்கார்ந்தார், இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு எத்தனை நாள் தங்கினார் என்பது துறைத் தலைவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். உலக விமானப் பயணங்களின் சராசரி, 2019 நிலவரப்படி, ஒரு பயணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 90 கிராம் கரியமில வாயு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டன் ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். போக வர 21,800. பெருக்கினால் கிட்டத்தட்ட இரண்டு டன். உங்கள் விலையில் பதினாறு வெள்ளி. இரண்டு பேர் உணவங்காடியில் மீன்தலைக் கறி சாப்பிட்டால்கூட அதற்கு மேல் வரும். பிசினஸ் கிளாஸ் என்றால் மூன்று மடங்கு, ஆறு டன், 48 வெள்ளி. பயணச்சீட்டோ எட்டாயிரம் வெள்ளி. அந்த 48 வெள்ளியைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட்ட பேராசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து மாலை போடுகிறேன்.

13 நவம்பர், காலை 7.50

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தூக்கக் கலக்கத்தில் செய்தது. கணக்காசிரியர் ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார், நன்றி ஐயா.

90 கிராம் என்பது எல்லா வகுப்பும் சேர்ந்த சராசரி. அதையே எக்கானமியின் அளவாக வைத்துக்கொண்டு பிசினஸுக்கு மூன்றால் பெருக்கியது தவறு. விமானத்தில் இருக்கை பிடிக்கும் இடத்தை வைத்துப் பங்கு பிரிக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350இல் 253 இருக்கைகள்: பிசினஸ் 42, பிரீமியம் எக்கானமி 24, எக்கானமி 187. பிசினஸ் இருக்கைக்கு எக்கானமியைப் போல் மூன்று பங்கு, பிரீமியத்துக்கு ஒன்றரைப் பங்கு என்று வைத்தால் மொத்தம் 349 பங்கு வருகிறது. அதாவது சராசரி இருக்கைக்கு 1.38. திருத்திய கணக்கின்படி லண்டன் போய்வர எக்கானமியில் சுமார் 1.4 டன், பிசினஸில் 4.3 டன்.

ஆறு 4.3 ஆனதில் பேராசிரியர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். எக்கானமிக்காரர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி.

13 நவம்பர், பகல் 1.20

"இதில் விமானம் வானத்தில் இழுக்கும் வெள்ளைக் கோடு சேருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். சேராது. மேலே உள்ளது கரியமில வாயு மட்டும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும், அது கணக்கில் அசையாத பகுதி. அந்த வெள்ளைக் கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனியாகச் சூடேற்றுகின்றன. 2018 வரையிலான தரவை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வொன்று, விமானத்துறை இதுவரை ஏற்படுத்திய வெப்பத் தாக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாத காரணங்களால் வந்தது என்றது. அதில் நிச்சயமின்மை பெரிது என்றும் சேர்த்தே சொன்னது. பிரிட்டிஷ் அரசின் கணக்கு முறையில் இதற்காக 1.7ஆல் பெருக்கச் சொல்கிறார்கள்.

மேற்குவாசி, உங்கள் நிர்வாகம் பெருக்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெருக்காவிட்டால் பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடாகத்தான் தெரியும்.

15 நவம்பர், இரவு 11.30

சனிக்கிழமை. பிள்ளைகள் தூங்கியாயிற்று. காட்டுக் கிரெடிட் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் தாத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு புளியமரம் இருந்தது. லால்குடிப் பக்கம். அதை வெட்ட யாருக்கும் மனம் வராது, அதில் பேய் இருப்பதாக நம்பிக்கை. இப்போது ஒருவர் வந்து, "இந்த மரத்தை வெட்டாமல் விட்டீர்களானால் காசு தருகிறேன், அந்தப் புண்ணியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தாத்தாவிடம் சொல்லியிருந்தால், தாத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு காசை வாங்கியிருப்பார். மரம் எப்படியும் நின்றிருக்கும். காசு கொடுத்தவர் ஊருக்குப் போய்ப் பத்து மூட்டைக் கரியை எரித்துவிட்டு, கணக்கு நேராகிவிட்டது என்பார்.

காட்டைக் காப்பதாகச் சொல்லி விற்கும் கிரெடிட்டில் பெரும்பாலும் இந்தப் புளியமரக் கதைதான் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, தென்கிழக்காசியாவில் ஆறு நாடுகளின் திட்டங்களை எடுத்து, அதே மாதிரியான, ஆனால் திட்டம் இல்லாத காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 89 மில்லியன் கிரெடிட் வரை உருவாகும் என்று திட்டக்காரர்கள் போட்ட கணக்கில், உண்மையான குறைப்போடு பொருந்தியது 5.4 மில்லியன். ஆறு விழுக்காடு.

சரி, அந்த ஆறு விழுக்காட்டில் உள்ள நல்ல மரத்தையே நீங்கள் வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நிற்க வேண்டும். எத்தனை நாள்? விமானம் விட்ட கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும். மரம் அடுத்த வறட்சியில் எரிந்தால்? இதைச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. சன்னல் இடுக்கையெல்லாம் ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் புளோக் தெரியவில்லை. சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலம் எரிந்து நம் நுரையீரலுக்குள் வந்தது. 2015இல் மறுபடியும், செப்டம்பரில் ஒருநாள் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். யாராவது "இந்தக் கரிமம் பாதுகாப்பாக மண்ணுக்குள் இருக்கிறது" என்று பத்திரம் நீட்டினால் எனக்கு அந்த வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எல்லாக் கிரெடிட்டும் மோசடி என்று நான் சொல்லவில்லை. குப்பைக்கிடங்கில் வரும் மீத்தேனைப் பிடித்து எரிப்பது, விறகடுப்புக்கு மாற்று அடுப்பு கொடுப்பது என்று வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சிக்கல். எட்டு வெள்ளிக்கு எது கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

16 நவம்பர், காலை 9.10

புளியமரத்தில் பேய் இருந்ததா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கார்பன் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். இருந்தது. தாத்தா பார்த்திருக்கிறார்.

18 நவம்பர், இரவு 9.45

"முதலில் கோலாலம்பூர் பயணத்தை நிறுத்துங்கள், பேருந்தில் போகலாமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் துறையிலும் இதற்கென ஒரு குழு போட்டபோது முதல் யோசனை இதுதான் வந்தது. நானும் பலமாகத் தலையாட்டினேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இத்தனை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் விமானம் கூடாது என்று விதி வைத்திருப்பதை ஒருவர் திரையில் காட்டினார்.

காட்டியது சரி, நமக்கு ரயில் எங்கே? மலேசியாவுக்கு ரயில் புறப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30 இரவோடு மூடப்பட்டது. கோலாலம்பூருக்கான அதிவேக ரயில் 2013இல் பேச்சாகி, 2016இல் கையெழுத்தாகி, 2021 பிறந்த அன்று ரத்தானது. மிச்சம் இருப்பது உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஐந்து நிமிட ரயில். குழுவின் முன்மாதிரியாக நானே ஒருமுறை பேருந்தில் கோலாலம்பூர் போனேன். வெள்ளிக்கிழமை மாலை. ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்திலேயே மூன்று மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது கூட்டத்தில் என்ன பேச வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பிறகு ஒருநாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோலாலம்பூர் 300 கிலோமீட்டர்தான். போக வர, மேலெழும்பும் செலவுக்காக இரட்டிப்பாக வைத்தாலும் ஓராளுக்கு 110 கிலோ. ஒரு லண்டன் பிசினஸ் பயணம் நாற்பது கோலாலம்பூர் பயணத்துக்குச் சமம். நாங்கள் மூன்று கூட்டம் போட்டு விவாதித்தது அந்தத் துளியை. குழுத் தலைவர் அந்த ஆண்டில் மட்டும் இரண்டு முறை ஐரோப்பா போய்வந்தவர். முன்வரிசையில்.

அதனால் என் பழைய ஆட்டிய தலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரை விட்டுவிடுங்கள். சுலபமாகக் கை வைக்கலாம் என்பதால் எல்லாரும் அங்கேயே தொடங்குகிறார்கள், அங்கேயே முடித்தும் விடுகிறார்கள்.

20 நவம்பர், காலை 8.05

"அரசாங்கமே பசுமை எரிபொருள் கட்டணம் வாங்கப் போகிறதே, அதற்கு மேலும் ஏன் ஈடுகட்ட வேண்டும்?"

நல்ல கேள்வி. இந்த மாதம் அறிவித்த கட்டணத்தைச் சொல்கிறேன். அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் விற்கும் சீட்டுக்கு, அக்டோபர் முதல் இங்கிருந்து புறப்படும் பயணத்துக்கு. எக்கானமியில் தென்கிழக்காசியாவுக்கு 1 வெள்ளி, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுக்கு 2.80, ஐரோப்பாவுக்கு 6.40, அமெரிக்காவுக்கு 10.40. பிசினஸ், முதல் வகுப்புக்கு நான்கு மடங்கு. (இந்த நான்கு மடங்கைப் பார்த்ததும் எனக்குக் கைதட்டத் தோன்றியது.) இந்தப் பணத்தில், 2026இல் எரிபொருளில் ஒரு விழுக்காடு பழைய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு மாதிரியானவற்றிலிருந்து காய்ச்சியதாக இருக்க வேண்டும் என்பது இலக்கு. இங்கே துவாஸில் நெஸ்டே எரிபொருள் நிறுவனத்தின் ஆலை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் வரை அப்படிக் காய்ச்ச வல்லது. நம் வடைச் சட்டிக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்த எரிபொருள் உற்பத்தியிலிருந்து எரிப்பு வரை சேர்த்து அதிகபட்சம் 80 விழுக்காடு வெளியேற்றத்தைக் குறைக்கும் என்கிறார்கள். ஒரு விழுக்காட்டில் 80 விழுக்காடு என்றால் 0.8. ஆக, கட்டணம் கட்டினாலும் உங்கள் பயணத்தின் 99 விழுக்காட்டுக்கு மேல் அப்படியேதான் இருக்கும்.

இனிதான் எனக்குத் தூக்கம் போனது. லண்டனுக்கு ஒருவழி எக்கானமி 0.7 டன், அதாவது 700 கிலோ. அதில் 0.8 விழுக்காடு ஐந்தரைக் கிலோ சொச்சம். அதற்கு 6.40 வெள்ளி. கிலோவுக்கு ஒரு வெள்ளிக்கு மேல், டன்னுக்கு ஆயிரம் வெள்ளியைத் தாண்டுகிறது. தோராயம்தான், கட்டணத்தில் நிர்வாகச் செலவும் இருக்கும், பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் புகையை விமானத்திலேயே குறைக்க டன்னுக்கு நூற்றுக்கணக்கில் ஆகிறது. உங்கள் நிர்வாகத்துக்கு அதே டன் எட்டு வெள்ளிக்குக் கிடைக்கிறதாம்.

20 நவம்பர், பகல் 12.40

"அப்படியானால் மலிவாகக் குறைக்கக்கூடிய இடத்தில் குறைப்பதுதானே புத்திசாலித்தனம்? பொருளியல் முதல் பாடம்" என்று மேற்குவாசி. ஒத்துக்கொள்கிறேன், குறைந்தது உண்மை என்றால். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பத்து வெள்ளிக்கு ஒரு பவுன் சங்கிலி தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் பொருளியல் பாடம் பார்த்து வாங்குவீர்களா, உரசிப் பார்த்து வாங்குவீர்களா?

22 நவம்பர், இரவு 10.50

யார் பறக்கிறார்கள் என்பதை யாருமே கேட்கவில்லை. கிளெய்ம் பார்க்கிற எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

எங்கள் துறையில் பாதிப்பேர் ஆண்டுக்கு ஒருமுறைகூட வெளிநாடு போவதில்லை. நான் போனதே அந்தக் கோலாலம்பூர் பேருந்துதான். ஐந்தாறு பேர் மட்டும் பறந்துகொண்டே இருப்பார்கள். அதில் ஒருவருடைய கோப்பில் மட்டும் ஒரு மார்ச் மாதத்தில் மூன்று கண்டங்களின் டாக்சி ரசீதுகள் இருந்தன. அவர் கெட்டவரல்லர், அருமையான மனிதர். ஒவ்வொரு முறையும் எங்களுக்குச் சாக்லேட் வாங்கி வருவார். அந்தச் சாக்லேட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019இல் இதை அளந்து பார்த்தார்கள். அதிகம் பறக்கிறவர்களின் ஆய்வுத் தரம் கூடுதலாக இருக்கிறதா? ஆய்வுப் பணியில் கழித்த ஆண்டுகளையும் துறையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் தொடர்பு தெரியவில்லை. சம்பளத்தோடு தொடர்பு தெரிந்தது. அதிகம் பறப்பதால் சம்பளம் கூடியதா, சம்பளம் கூடியவர் அதிகம் பறக்கிறாரா என்பதை அவரவர் அனுபவத்தை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

"எல்லாரும் 20 விழுக்காடு குறையுங்கள்" என்று சுற்றறிக்கை வந்தால் முதலில் அடிபடுவது ஆய்வு மாணவர்கள்தான். ஆண்டுக்கு ஒரே ஒரு மாநாடு போகிறவளால் அதில் 20 விழுக்காட்டை எப்படிக் குறைக்க முடியும்? முக்கால் தூரம் பறந்து இறங்கிக்கொள்வதா?

23 நவம்பர், காலை 7.15

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஆய்வு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அக்கா, கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில் (கோவிட் ஊரடங்கில்) என் முதல் மாநாடு திரையில் நடந்தது. பதினெட்டு நிமிடம் பேசினேன், ஒரு கேள்வியும் வரவில்லை. கேமராவை அணைத்துவிட்டு அழுதேன். சென்ற ஆண்டு நேரில் போனேன். காப்பி இடைவேளையில் சந்தித்தவர்தான் இப்போது என் தேர்வாளர். இதையும் எழுதுங்கள்."

எழுதிவிட்டேன், தங்கச்சி. இதற்கு என்னிடம் மறுப்பு கிடையாது.

25 நவம்பர், இரவு 9.30

பேச்சு மாநாட்டுப் பக்கம் போனதால் கொஞ்சம் கிளைக்கதை.

நம் உலகத் தமிழ் மாநாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில். பத்தாவது 2019இல் சிகாகோவில். சிகாகோ இங்கிருந்து ஏறக்குறைய 15,000 கிலோமீட்டர், போக வர மேலே சொன்ன சராசரியில் 2.7 டன். தமிழ் நாட்டிலிருந்து போனவருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். தமிழறிஞர் பெரும்பாலோர் வங்காள விரிகுடாவைச் சுற்றித்தானே இருக்கிறார்கள்? இதைச் சொன்னால் அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி கோபித்துக்கொள்கிறான். "நாங்கள் மட்டும் எப்போதும் பறந்து வரணுமா" என்கிறான். அவன் கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் இடத்தைத் தேர்வு செய்வதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2019 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கக் கூட்டம் நடந்தது. 28,000 பேர், வந்துபோனதில் மட்டும் சுமார் 80,000 டன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தவர்கள் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியவர்கள், வெளியேற்றத்திலோ முக்கால் பங்கு அவர்களுடையது. இரண்டு மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் கூடித் திரையில் இணைந்துகொண்டால் பெரும் பகுதி மிச்சம் என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

1997இல் இணையத் தமிழின் முன்னோடி நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியபோது, கணினியில் தமிழ் எழுத்து சரியாகத் தெரிவதற்கே ஆட்கள் நேரில் கூடிச் சண்டை போட வேண்டியிருந்தது. அந்தச் சண்டை திரையில் நடந்திருக்காது, அன்றைக்குத் திரையில் தமிழே வராதே!

30 நவம்பர், இரவு 11.55

பதினெட்டு நாளாக ஊரார் பயணத்தையெல்லாம் எடை போட்டுவிட்டேன். என் கணக்கு.

தீபாவளிக்குத் திருச்சி போய்வந்தேன். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். ஒருவழி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். சராசரிப்படி தலைக்கு 540 கிலோ, நான்கு பேருக்கு 2.2 டன். நெருக்கமாக இருக்கை போட்ட மலிவுக் கட்டண விமானம், அதனால் உண்மையில் கொஞ்சம் குறையும். இருந்தாலும் எங்கள் குடும்பம் ஒரு லண்டன் எக்கானமிக்காரரைத் தாண்டிவிட்டது. ஆண்டில் இரண்டு முறை போகிறோம். அம்மாவுக்கு 78 வயது, வீடியோ அழைப்பில் போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொள்வார், எனக்கு அவருடைய குங்குமம் மட்டும் தெரியும்.

இந்தப் பயணம் எந்தப் பேரேட்டிலும் வராது. பல்கலைக்கழகக் கணக்கில் வராது, சொந்தப் பயணம். நாட்டின் கணக்கிலும் வராது. 2030இல் 60 மில்லியன் டன் என்று சிங்கப்பூர் வைத்திருக்கும் இலக்கில் அனைத்துலக விமான எரிபொருள் சேர்வதில்லை, எல்லா நாட்டுக்கும் அதே முறைதான்.

இன்னும் ஒன்று. ஒருமுறை எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சென்னையில் மாநாடு முடித்துவிட்டு, சொந்தச் செலவில் ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தார். அந்த விமானப் பயணம் அலுவலகக் கணக்கா, சொந்தக் கணக்கா என்று படிவத்தில் கட்டம் இல்லை. நான் அலுவலகக் கணக்கில் போட்டேன். அதனால் அவர் அந்த டிசம்பரில் இன்னொரு முறை ஊருக்குப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒரு பயணம் மிச்சம். இரண்டு வேலையை ஒரே பயணத்தில் சேர்ப்பவரைத் தணிக்கையாளர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், எனக்கோ அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

4 டிசம்பர், இரவு 10.20

"குறை சொல்லியாயிற்று, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?"

ஈடுகட்டும் விலையை எட்டு வெள்ளியில் வைக்காதீர்கள். நம் நாட்டுக் கரிம வரி 2025இல் டன்னுக்கு 25 வெள்ளி, 2026 ஜனவரியிலிருந்து 45. அது ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியேற்றும் ஆலைகளுக்கு மட்டும், உங்கள் விமானச் சீட்டுக்கு இல்லை. பல்கலைக்கழகம் தனக்குத் தானே அந்த வரியைப் போட்டுக்கொள்ளட்டும். லண்டன் எக்கானமிக்கு 63, பிசினஸுக்கு 193. பயணம் போகும் துறையின் பட்ஜெட்டிலிருந்து வெட்டி, அந்தப் பணத்தைக் காட்டுக்கு அனுப்பாமல் வளாகத்திலேயே செலவழியுங்கள். எக்கோ அடிக்காத ஒரு நல்ல காணொளி அறைக்காவது போகட்டும். எங்கள் அறையில் மைக் ஒன்று, அதுவும் துறைத் தலைவர் பக்கம்.

கவனித்தீர்களா, கரிம வரி கட்டும் ஆலைகளே அனைத்துலகக் கிரெடிட் வாங்கி ஈடுகட்டலாம், ஆனால் வரிக்கு உட்பட்ட வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரைதான். மீதிக்கு வரி கட்டியே ஆக வேண்டும். எண்ணெய் ஆலைக்கே ஐந்து விழுக்காடு என்று அரசாங்கம் பிடித்து வைத்திருக்கும்போது, பல்கலைக்கழகம் நூறு விழுக்காட்டையும் கிரெடிட்டிலேயே முடித்துவிட்டுப் "பயணம் கரிமமற்றது" என்று பதாகை கட்டுவது எனக்கு ஒட்டவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் "இதை ஏன் இணையவழி செய்ய முடியாது?" என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தோம். என் யோசனைதான். வந்த பதில்கள்: "முடியாது." "நேரில் போவதே மரியாதை." ஒருவர் மூன்று ஆண்டுகளாக அதே பத்தியை வெட்டி ஒட்டுகிறார், ஊர்ப் பெயரைக்கூட மாற்றாமல். டோக்கியோ பயணத்துக்கு ஹெல்சின்கி என்று இருந்தது. ஆனாலும் ஒரு பேராசிரியர் மட்டும் அந்த வரியை நிரப்பும்போது யோசித்திருக்கிறார். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வைத் திரைக்கு மாற்றிவிட்டு, கருத்தரங்கையும் நூலகப் பணியையும் ஒரே ஐரோப்பியப் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். மூன்று கிளெய்ம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. எனக்கும் வேலை மிச்சம்.

6 டிசம்பர், காலை 8.30

இரண்டு திருத்தம்.

ஒன்று: "துறை பட்ஜெட்டிலிருந்து வெட்டுங்கள்" என்று நான் எழுதியது பாதிதான் நடக்கும். நிறையப் பயணம் ஆய்வு மானியத்தில் போகிறது, மானிய விதியில் இப்படி ஒரு கட்டணத்துக்கு இடம் இருக்காது. கிளெய்ம் பார்க்கிற நானே இதை மறந்தது வெட்கம். அந்த விதியை மாற்ற வேண்டியவர்கள் மானியம் கொடுப்பவர்கள்.

இரண்டு: ஊழியர் பயணம் என்றதும் எல்லாரும் விமானத்தையே பேசிவிட்டோம். மறைமுக வெளியேற்றம் என்று கணக்கு முறை சொல்லும் பதினைந்து வகைகளில் ஆறாவது அலுவல் பயணம், ஏழாவது தினமும் வேலைக்கு வந்துபோவது. "எம்ஆர்டி (நகர ரயில்) இருக்கிறதே, அது ஒன்றுமில்லை" என்று நினைத்தேன். அப்புறம் கார் ஓட்டி வரும் சக ஊழியரைக் கேட்டேன். தினமும் போக வர 40 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ, ஒருநாளைக்கு ஏழு கிலோ சொச்சம், 220 வேலை நாள். ஆண்டுக்கு 1.6 டன். லண்டன் எக்கானமிக்கு மேலேயே வருகிறது! அவர் பத்து ஆண்டாக வெளிநாட்டு மாநாட்டுக்கே போனதில்லை, என்னைவிடக் கோபமாக விமானத்தைத் திட்டுபவர். இந்தக் கணக்கை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. மழை நாளில் அவர் காரில்தான் நான் வீட்டுக்கு வருகிறேன்.

13 டிசம்பர், காலை 10.00

ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்கு மின்ரயில் நேற்று ஓடத் தொடங்கிவிட்டது. "இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று நான்கு பேர். சந்தோஷம், நானும் பிள்ளைகளோடு போவேன். நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

19 டிசம்பர், இரவு 9.10

மேற்குவாசி திரும்ப வந்திருக்கிறார். நிர்வாகத்திடம் நாங்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டாராம்: எந்தத் திட்டம், எந்த ஆண்டின் கிரெடிட், வெள்ளைக் கோட்டுக்குப் பெருக்கினீர்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை. முதல் கேள்விக்கு "ஆசியாவில் ஒரு வனத் திட்டம்". இரண்டாவதுக்கு "2016".

பழைய ஆண்டுச் சரக்கு மலிவாகத்தான் கிடைக்கும். சிங்கப்பூர் கரிம வரிக்கு ஏற்கும் கிரெடிட்டில் 2021க்கும் 2030க்கும் இடையில் நடந்த குறைப்புதான் செல்லும், 2016ஐக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேற்குவாசி இப்போதும் "ஒன்றுமே செய்யாததற்கு இது மேல்" என்கிறார், ஆனால் முன்பிருந்த சத்தம் இல்லை. ஜனவரிக் கூட்டத்தில் 45 வெள்ளிக் கணக்கை வைத்துப் பேசப் போகிறாராம். தாளை அனுப்பினார், பிசினஸ் வகுப்பின் 4.3ஐ 3.4 என்று தட்டியிருந்தார். திருத்தி அனுப்பினேன்.

ஆண்டுக் கணக்கு திங்கட்கிழமை முடிகிறது, பதினான்கு கிளெய்ம் மிச்சம். அதில் ஒன்று டோக்கியோ, இந்த முறை படிவத்தில் டோக்கியோ என்றே போட்டிருக்கிறார். போர்டிங் பாஸைத்தான் காணோம்.